ஒரு சின்ன சாமானுக்காக ஒரு வெள்ளாமை போவதா?

(டிராக்டர் உதிரிபாகக் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது. கிளைகளில் வாசித்துக் காட்டுவதற்காக அச்சிடப்படுகிறது.)

  

கரண்டுக்காக நாம் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். பயிர்க் காப்பீட்டுப் பணத்துக்காக மனு கொடுத்து மனு கொடுத்துக் கை ஓய்ந்திருக்கிறோம். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது டிராக்டருக்குப் பின்னால் கலப்பையை மாட்டுகிற இடத்தில் இருக்கிற ஒரு சின்ன இரும்புச் சாமானைப் பற்றி. "இதுக்கெல்லாமா கூட்டம் போடுவாங்க?" என்று யாராவது கேட்கலாம். அந்தச் சாமான் கிடைக்காமல் மழை ஈரத்தைக் காயவிட்டவனைக் கேளுங்கள், அவன் சொல்வான்!

நடந்தது என்ன?

போன புரட்டாசியில் நம் கிளை உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அஞ்சு ஏக்கர் கரிசல். பழைய வண்டி, மூணாவது கையாக வாங்கியது. நல்ல மழை பெய்து, மண் பதத்துக்கு வந்த அன்று காலையில் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டிக் காட்டில் இறங்கினார். ரெண்டாவது சால் திரும்பும்போது வலது பக்கத்துக் கீழ்க்கையின் நுனியில் இருக்கிற குண்டு, அதாவது 'பால்' என்று சொல்கிறோமே, அது கூட்டை விட்டுக் கழன்று விழுந்துவிட்டது. கூடும் விரிந்துபோச்சு. கலப்பை ஒரு பக்கமாகத் தொங்கியது. வேலை நின்றது.

டவுனில் இருக்கிற கம்பெனி ஷோரூமுக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "அண்ணாச்சி, இந்த மாடல் நின்னு போச்சு. குண்டு மட்டும் தனியா வராது. ரெண்டு கையும் சேர்த்து செட்டாத்தான் வாங்கணும். ஆர்டர் போட்டா பத்து நாள் ஆகும்" என்றான். சரி என்று கையைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினால், "இது எங்க கம்பெனிக் கையே இல்லியே!" என்று சொல்லிவிட்டான். உண்மைதான். முன்னாடி வண்டி வைத்திருந்தவர் எப்போதோ வேற வண்டியின் கையை மாட்டி ஓட்டியிருக்கிறார். அடுத்த கம்பெனி ஷோரூமில் கேட்டால், "எங்க வண்டியா? ஆர்.சி. புக்கைக் காட்டுங்க" என்றார்கள். மூன்றாவது கடையில் "இந்த மாதிரிச் சாமானை நான் பார்த்ததே இல்லை" என்றார்கள்.

மூணு நாள் அலைந்தார். நாலாம் நாள் பழைய லேத் பட்டறைக்காரர் ஒருவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பின்னை எடுத்து அந்தக் குண்டின் ஓட்டையில் நுழைத்துப் பார்த்தார். "இது ஏழு நூல் ஓட்டை. கேட்டகிரி ஒண்ணு. வண்டி எந்தக் கம்பெனியா இருந்தா நமக்கென்ன? வெல்டு வைக்கிற மாதிரிக் குண்டு முனை தனியா விக்கிது. மதுரையில சொன்னா நாளைக்குப் பஸ்ஸில போட்டு விடுவான்" என்றார். அப்படியே வந்தது. சில நூறு ரூபாயோடு காரியம் முடிந்தது.

ஆனால் காடு? அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் அதிகமாக இருந்தால் டயரில் அப்பும், காய்ந்தால் பாறைபோல் இறுகி வெடிப்பு விடும். நடுவில் கிடைப்பது நாலைந்து நாள். அந்த நாலைந்து நாளில்தான் எல்லார் காட்டுக்கும் பதம். வாடகை வண்டி அன்றைக்கு யாருக்குக் கிடைக்கும்? அவர் அடுத்த மழைக்குக் காத்திருந்து பிந்தி விதைத்தார். பிந்திய விதைப்பு என்ன கொடுக்கும் என்று மானாவாரி வெள்ளாமை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

சாமான் உலகத்தில் இல்லாமல் போகவில்லை தோழர்களே! மதுரையில் இருந்தது. அதன் பெயர் தெரியவில்லை, அளவு தெரியவில்லை, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த இணைப்பு யாருடைய சொத்து?

டிராக்டருக்குப் பின்னால் கலப்பை மூணு இடத்தில் மாட்டுகிறது. கீழே ரெண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். இதைக் கொண்டுவந்தவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. அதற்கு முன்னால் கலப்பையைச் சங்கிலி போட்டு வண்டி போல இழுத்தார்கள். கொழு கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்து விழும். ஃபெர்குசன் கலப்பையையும் வண்டியையும் ஒரே உடம்பாக ஆக்கினார். கொழு எங்காவது மாட்டினால் டாப் லிங்க் வண்டியை முன்னால் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். 1926இல் காப்புரிமை வாங்கினார். 1938இல் ஹென்றி ஃபோர்டோடு கை குலுக்கி ஒப்பந்தம் போட்டார். 1939இல் அந்த வண்டி சந்தைக்கு வந்தது.

அந்தக் காப்புரிமையெல்லாம் காலாவதியாகிப் பல காலம் ஆகிவிட்டது. இன்றைக்கு அந்த மூணு முனை இணைப்பு எந்தக் கம்பெனிக்கும் சொந்தம் இல்லை. எந்தக் கலப்பையும் எந்த வண்டியிலும் மாட்ட வேண்டும் என்பதற்காகவே அதற்குப் பொது அளவு வைத்திருக்கிறார்கள். உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 730 என்று ஒரு தரம். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4468. இதன்படி இணைப்புகளை 'கேட்டகிரி' என்று வகை பிரித்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப்பக்கம் ஓடுகிற வண்டிகளுக்குக் கேட்டகிரி ஒன்றும் ரெண்டும் தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேட்டகிரி ஒன்று: டாப் லிங்க் பின் ஆறு நூல், அதாவது முக்கால் இஞ்ச், 19 மில்லி. கீழ்க்கைப் பின் ஏழு நூல், 22 மில்லி.

கேட்டகிரி ரெண்டு: டாப் லிங்க் பின் எட்டு நூல், அதாவது ஒரு இஞ்ச், இருபத்தஞ்சரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. கீழ்க்கைப் பின் ஒன்பது நூல், இருபத்தெட்டரை மில்லி.

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. இந்த நாலு எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். கடைக்காரன் "எந்தக் கம்பெனி, எந்த மாடல்?" என்று கேட்டால், "மாடல் இருக்கட்டும் தம்பி, ஏழு நூல் ஓட்டை, கேட்டகிரி ஒண்ணு குண்டு கொடு" என்று கேட்கிற தைரியம் நமக்கு வர வேண்டும்.

சாமான் ஏன் அடையாளம் தெரியாமல் போகிறது?

முதல் காரணம், கைமாறி வந்த வண்டி. பழைய வண்டியில் எந்தச் சாமான் கம்பெனியோடது, எது இடையில் மாட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஆர்.சி. புக்கில் சேசிஸ் நம்பர் இருக்கும், வருடம் இருக்கும். வண்டியோடு பிறந்த சாமானுக்கு அது உதவும். இடையில் வந்து சேர்ந்த சாமானுக்கு உதவாது.

ரெண்டாவது, கம்பெனியே இல்லாமல் போவது. எச்.எம்.டி. டிராக்டர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசாங்கக் கம்பெனி. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் கம்பெனித் தொழில்நுட்பத்தோடு 1971இல் ஹரியானாவில் பிஞ்சூரில் ஆரம்பித்தது. 2016இல் மத்திய அமைச்சரவை அந்த டிராக்டர் பிரிவை மூடிவிடத் தீர்மானம் போட்டது. தொழிற்சாலையை மூடினார்கள், வண்டியை மூட முடியுமா? இன்னும் காட்டில் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குச் சாமான் யார் கொடுப்பது? லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் இருக்கிற சிறு பட்டறைகள்தான் இப்படிப்பட்ட வண்டிகளுக்குக் கஞ்சி ஊற்றுகின்றன.

மூன்றாவது, சாமானின் மேல் இருக்கிற எழுத்து. இரும்பில் மேடாக ஒரு நம்பர் வார்த்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "இதுதான் பார்ட் நம்பர்" என்று எழுதிக்கொண்டு போவோம். பல நேரம் அது அச்சின் நம்பர். பார்ட் நம்பர் வேறாக இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீர்கள்.

அளவு எடுப்பது எப்படி?

வெர்னியர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பின்னைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதத்தை இறுக்கிச் சுற்றி, சேருகிற இடத்தில் கோடு போட்டு, விரித்து அளந்து, அந்த நீளத்தை ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தால் விட்டம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். ஓட்டைக்குத் தெரிந்த அளவுள்ள போல்ட்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள்.

தேய்ந்த இடத்தில் அளக்காதீர்கள். பின்னின் நடுப்பகுதிதான் தேயும். ஓரத்தில் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். குண்டின் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் குறுக்களவைப் பாருங்கள், அது உண்மையான அளவுக்குக் கிட்டத்தில் இருக்கும்.

ஓட்டையின் விட்டத்தோடு நிறுத்திவிடக் கூடாது. குண்டின் அகலம், கையின் இரும்புப் பட்டையின் கனம், ஒரு ஓட்டையின் மையத்திலிருந்து அடுத்த ஓட்டையின் மையம் வரை நீளம், இவ்வளவையும் எழுதுங்கள். டாப் லிங்க் என்றால் முழுக்கச் சுருக்கியபோது எவ்வளவு, விரித்தபோது எவ்வளவு என்று அளக்க வேண்டும். அதன் ரெண்டு முனையும் எதிரெதிர் மரை. ஒன்று வலது மரை, ஒன்று இடது மரை. எது உடைந்தது என்று சொல்லாமல் முனை வாங்கினால் பாதி நேரம் தப்பான முனைதான் வரும்.

குதிரைத் திறனை வைத்துக் கேட்டகிரியை முடிவு பண்ணாதீர்கள். நாற்பது, நாற்பத்தஞ்சு எச்.பி. வண்டிகளில் ரெண்டு வகையும் வருகிறது. கலப்பையின் பின் ஒரு அளவு, வண்டியின் குண்டு ஒரு அளவு என்றுகூட இருக்கும். ஒன்பது நூல் ஓட்டையில் ஏழு நூல் பின்னை மாட்ட வேண்டுமென்றால் அதற்கென்றே புஷ் விற்கிறது. அதை வாங்கிப் போடுங்கள். பழைய பைப்பை வெட்டியும் தகரத்தைச் சுற்றியும் ஓட்டினால் ஆட்டம் கொடுத்து அடித்து அடித்து, கடைசியில் குண்டும் போகும், கலப்பையின் காதும் கிழியும்.

உயிரோடு விளையாட வேண்டாம்

சாமான் கிடைக்கவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? கையில் கிடைத்த போல்ட்டைச் சொருகி ஓட்டுகிறோம். கம்பியைக் கட்டி ஓட்டுகிறோம். காட்டுக்குள் உடைந்தால் கலப்பை விழும். ரோட்டில் டிரெய்லர் கொக்கியில் உடைந்தால்? பின்னால் பைக்கில் வருகிறவன் கதி என்ன? டிரெய்லர் மேல் உட்கார்ந்து வேலைக்குப் போகிற பெண்கள் கதி என்ன?

அதனால் கறாராகச் சொல்கிறேன். லேத்தில் பின் கடையும்போது சாதாக் கம்பியில் கடையச் சொல்லாதீர்கள், இ.என். 8 இரும்பில் கடையச் சொல்லுங்கள், பட்டறைக்காரருக்குத் தெரியும். போல்ட்டு போட்டே ஆக வேண்டுமென்றால் மரை இருக்கிற பகுதி ஓட்டைக்குள் வரக் கூடாது. அங்கேதான் அறுந்து போகும். விரிசல் விட்ட பழைய பின்னை வெல்டு வைத்து ஓட்டாதீர்கள். கடினப்படுத்திய இரும்பில் சும்மா வெல்டு வைத்தால் கண்ணாடி மாதிரி உடையும். பின்னுக்குப் பூட்டுக் கம்பி இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, டிரெய்லரையோ, மரத்தையோ, சேற்றில் மாட்டிய வண்டியையோ டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் சங்கிலி போட்டு ஒருநாளும் இழுக்காதீர்கள். கீழே இருக்கிற இழுவைக் கட்டையில் மட்டும்தான் இழுக்க வேண்டும். மேலே மாட்டி இழுத்தால் வண்டி மல்லாந்துவிடும். குதிப்பதற்குக்கூட நேரம் கிடைக்காது.

சட்டம் நமக்கு என்ன கொடுத்திருக்கிறது?

2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தமாக உழுது பிழைப்பதற்காக வண்டி வாங்கியவன் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். சாமான் விற்றுவிட்டு பில் தர மறுப்பது நியாயமற்ற வணிகம். ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்று கட்டாயப்படுத்துவதையும் சட்டம் கேள்வி கேட்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே ரெண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் இதற்கெல்லாம் முக்கியமான ஆதாரம் பில். "பில் போட்டா வரி ஆகும் அண்ணாச்சி" என்று சொன்னால், "பரவாயில்லை தம்பி, போடு" என்று சொல்லுங்கள்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயருக்கும் பல டிராக்டர் பாகங்களுக்கும் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும் குறைத்தார்கள். குறைந்தது நம் கைக்கு வந்ததா, கடை மேசையிலேயே தங்கிவிட்டதா? பில்லைப் பார்த்தால்தானே தெரியும்!

2022 ஜூலையில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டது. செல்போன், வீட்டுச் சாமான், மோட்டார் வாகனம் ஆகியவற்றோடு விவசாயக் கருவியையும் அதில் சேர்த்தார்கள். அந்த வருடக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் குழு என்பது சட்டமல்ல, இணையதளம் என்பது உதிரிபாகமல்ல! அமெரிக்காவில் கொலராடோ மாநில விவசாயிகள் கேட்டு, 2023இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே சட்டம் வந்தது. சாமானும் கருவியும் விவரப் புத்தகமும் விவசாயிக்கும் வெளிப் பட்டறைக்கும் கொடுத்தாக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நம் நாட்டிலேயே 2014இல் உதிரிபாகத்தை வெளிச்சந்தையில் விடாததற்காக 14 கார் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அது வேறு கதை. கார்க்காரனுக்காகக் கேட்ட கேள்வியை டிராக்டர்க்காரனுக்காகவும் கேட்க வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

நம் கோரிக்கைகள்

1. மாடலை நிறுத்தினாலும் கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து குறைந்தது 15 வருடத்துக்கு உதிரிபாகம் கிடைக்கச் சட்டம் வேண்டும்.

2. குண்டு, பின், புஷ், டாப் லிங்க் முனை போன்றவற்றைத் தனித்தனியாக விற்க வேண்டும். 'செட்டாகத்தான்' என்ற கட்டாயம் கூடாது.

3. ஒவ்வொரு கையிலும் குண்டிலும் பின்னிலும் கேட்டகிரியும் அளவும் அழியாதபடி பொறிக்க வேண்டும்.

4. படத்தோடு கூடிய பாகப் பட்டியலும் விலைப் பட்டியலும் தமிழில் ஒவ்வொரு ஷோரூமிலும் பார்வைக்கு இருக்க வேண்டும்.

5. வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகங்களில் அளவு பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் கருவியும் வேண்டும். அடிக்கடி உடைகிற சாமான்களை இருப்பு வைக்க வேண்டும்.

6. புரட்டாசி முதல் கார்த்திகை வரை ஞாயிற்றுக்கிழமையும் உதிரிபாகக் கடைப் பிரிவைத் திறக்க வேண்டும்.

7. பழுது பார்க்கும் உரிமையை விவசாயக் கருவிகளுக்குச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை மட்டும் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையும் லேத்தில் ஒரு அளவுக் கட்டை கடைந்து வாங்குங்கள். ஒரே கம்பியில் ஆறு நூல், ஏழு நூல், எட்டு நூல், ஒன்பது நூல் என்று படிப்படியாக இருக்கட்டும். ஓட்டையில் விட்டுப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு தெரிந்துவிடும். ஊரில் இருக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆடி முடிவதற்குள் நோட்டில் அளவுகளை எழுதி வையுங்கள். யார் வண்டிச் சாமான் யார் வண்டிக்குப் பொருந்தும் என்பது அந்த நோட்டிலேயே வந்துவிடும். ரெண்டு குண்டு, நாலு பின், ரெண்டு பூட்டுக் கம்பி கிளையில் பொதுவாக வாங்கி வைத்தால் அவசரத்துக்கு ஆகும். எடுத்தவர் திருப்பி வாங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒவ்வொரு கிளையும் தனித்தனி மனு கொடுக்க வேண்டும். மனுவோடு உடைந்த சாமானையும் கையில் எடுத்து வாருங்கள். கலெக்டர் மேசையில் காகிதம் ஆயிரம் இருக்கும். உடைந்த இரும்பை வைத்தால் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் கோட்டாட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். நாள் கிளைகள் மூலம் அறிவிக்கப்படும்.

வண்டி வைத்திருப்பவர் மட்டும் வந்தால் போதாது. வாடகை வண்டியை நம்பி உழுகிறவரும் வர வேண்டும். வண்டி நின்றால் அவர் காடும்தானே நிற்கிறது? பட்டறைக்காரர்களையும் மெக்கானிக் தம்பிமார்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை, நம்மைக் காப்பாற்றுகிறவர்கள்.

மழை நம் கையில் இல்லை. விலை நம் கையில் இல்லை. ஒரு பின்னின் அளவாவது நம் கையில் இருக்கட்டும்!

உடைந்த சாமானோடு வாரீர்! குடும்பத்தோடு வாரீர்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!